சிறந்த கூடாரம் யாருடையது?

காலை ஆறு மணிக்கு மூன்று ட்ரம்பெட்டுகள் ஒரே நேரத்தில் அலறின.

சோல்வை படுக்கையில் எழுந்து உட்காருவதற்குள் இரண்டாவது முறையும் அலறிவிட்டன. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர்வீட்டு வாசலில் நாற்பது பேர் தொண்டை திறந்து பாட ஆரம்பித்தபோதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது.

"ஐயோ, மாரெனோட செம்பு நாள்!"

எதிர்வீட்டு மாரெனுக்குக் கல்யாணமாகி இன்றோடு பன்னிரண்டரை வருஷம். அந்த அரைக் கணக்கைக் கொண்டாடாமல் டென்மார்க்கில் எந்தத் தெருவும் விடுவதில்லை. ஊசியிலைக் கிளைகளால் வாசலில் வளைவு கட்டி, விடியற்காலையில் போய்ப் பாடி எழுப்பி, தூக்கக் கலக்கத்தோடு வரும் தம்பதிக்குத் தெருவே காலைச் சாப்பாடு போட வேண்டும். மாரென் ஆகஸ்டில் கல்யாணம் செய்துகொண்ட பாவத்துக்கு, நாள் பிப்ரவரிப் பனியில் வந்து நின்றது. நாற்பது பேருக்கும் வெண்ணெய் கொண்டுவர வேண்டியது சோல்வை.

இரவு உடைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு கிலோ வெண்ணெயைக் கைக்குழந்தை மாதிரி அணைத்தபடி ஓடினாள்.

பக்கத்துத் தோட்டத்தில் வெள்ளைக் கூடாரம் நின்றிருந்தது. உள்ளே ஹீட்டர் புண்ணியத்தில் கதகதப்பு. வாசலில் காபி ஊற்றிக்கொண்டிருந்த கூடாரக்காரர் க்ரெஸ்டன் நோர்பி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"வெண்ணெய் எழுந்திரிச்சிடுச்சா?" என்றார்.

"கிண்டல் பண்ணாதீங்க க்ரெஸ்டன். கூடாரம் அருமையா இருக்கு."

"பரவாயில்ல."

ஐம்பத்திரண்டு வயது மனிதர். வார்த்தைகளைப் பனிக்காலத்து விறகு மாதிரி பார்த்துப் பார்த்துச் செலவழிப்பவர்.

"இந்த வருஷம் வேலையெல்லாம் எப்படி?"

"இது."

"இது மட்டுமா?"

"இதுவும் தெருக்காரங்க எனக்குத் தெரிஞ்சவங்கங்கறதால."

கோடைகால விருந்துகளுக்கெல்லாம் ஈஸ்டருக்கு முன்னாலேயே கூடாரம் சொல்லிவைத்துவிடுவார்கள். அதற்குள் இருபது விருந்தாவது கைக்கு வந்தால் தாக்குப்பிடிக்கலாம். வராவிட்டால், வீபோர்க்கில் பெரிய கூடாரக் கம்பெனி வைத்திருக்கும் ஐகில் ஸ்டோல் இவருடைய இரண்டு கூடாரங்களையும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். இவருக்கு அங்கேயே ஒரு வேலையும் தருவானாம்.

"ஈஸ்டர் சனிக்கிழமை பதில் சொல்லணும். அப்புறம் என் கூடாரத்தையே அவன் பேர் போட்ட சட்டையை மாட்டிக்கிட்டு நான் கட்டணும்."

ஹிமர்லாண்ட் வட்டாரத்து மனிதர் ஒருவர் காலைச் சாப்பாட்டுக்கு முன் இவ்வளவு பேசினால், அது கிட்டத்தட்ட அழுகை. சோல்வைக்குப் புரிந்தது.

"உங்களுக்கு வெப்சைட் இருக்குல்ல?"

"இருக்கு. பொழுதன்னைக்கும் அங்கேயேதான் இருக்கு. யாரும் வர்றதில்ல."

"நான் அந்த வேலைதானே பண்றேன். ஜனங்க கூகுள்ல எந்தச் சொல்லைப் போட்டுத் தேடறாங்கன்னு கண்டுபிடிப்பேன். அந்தச் சொல் உங்க பக்கத்துல சரியான இடத்துல இருந்தா, தேடும்போது உங்க பேரு மேல வரும்."

"அதுக்கு ஒரு உத்தியோகமா?"

"பதினோரு வருஷமா."

க்ரெஸ்டன் யோசித்தார். "சரி, செவ்வாய்க்கிழமை வா. கெர்தாகிட்ட கேக் போடச் சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை சோல்வை கணினியை அவர்கள் சமையலறை மேஜையில் திறந்து வைத்தாள். க்ரெஸ்டனின் மனைவி கெர்தா கேக் வெட்டினாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். புருஷன் சேமிக்கும் வார்த்தைகளையும் சேர்த்து அவளே பேசித் தீர்ப்பாள்.

"முதல்ல இந்தத் தலைப்பு. 'நோர்பி தளவாட வாடகை நிலையம்'. இதைப் போட்டு மாசத்துக்கு எத்தனை பேர் தேடறாங்க தெரியுமா?"

"எத்தனை?"

"யாருமில்ல. இந்தப் படத்துல என்ன இருக்கு?"

"கூடாரம்."

"எங்க?"

"மூடுபனிக்குப் பின்னால," என்றாள் கெர்தா. "நான் அப்பவே சொன்னேன், வெயில் வரட்டும்னு. இவன் கேட்டாத்தானே."

சோல்வை ஒரு பட்டியலைக் காட்டினாள். அவர்கள் ஊரான ஹோப்ரோவிலும் சுற்று வட்டாரத்திலும் மக்கள் உண்மையில் தட்டிய சொற்கள். 'செம்பு நாள் பக்கத்து வீட்டார் என்ன செய்ய வேண்டும்.' 'வாசல் வளைவு எத்தனை மீட்டர் கிளை.' 'மழை வந்தால் தோட்ட விருந்து.'

"பாருங்க, இதுல கூடாரங்கற சொல்லே இல்ல. கல்யாண நாள் தம்பதி கூடாரம் தேடறதில்ல. பக்கத்து வீட்டுக்காரங்கதான் தேடறாங்க. அவங்களுக்குக் கூடாரம் வேணும்கறதே இன்னும் தோணல. பயம்தான் தோணியிருக்கு. அந்தப் பயத்துக்கு நீங்க பதில் எழுதினா, கீழேயே கூடாரத்தையும் காட்டிடலாம்."

க்ரெஸ்டன் முதல் தடவையாகக் கணினிப் பக்கம் நாற்காலியை நகர்த்தினார். "வளைவுக்குப் பன்னிரண்டு மீட்டர் போதும். அது கூடவா தெரியாது ஜனங்களுக்கு?"

"தெரியாது. எழுதுங்க. இதெல்லாம் மாசத்துக்குப் பத்து, பதினஞ்சு பேர் தேடறது. ஆனா பெருசு ஒண்ணு இருக்கு. எழுபது பேர் தேடறாங்க. பிள்ளைங்களுக்குச் சர்ச்சுல நடக்கற திடப்படுத்தல் சடங்கு விருந்துக்கு அம்மாக்கள் தேடறது. உடனே போன் பண்ற ஆளுங்க."

"என்ன அது?"

"'ஹிமர்லாண்டில் சிறந்த விருந்துக் கூடாரம்.'"

க்ரெஸ்டன் மெல்லுவதை நிறுத்தினார்.

"எழுதமாட்டேன்."

"ஒரே ஒரு இடத்துல..."

"சிறந்ததுன்னு என்னைப் பத்தி நானே எழுதறதா? எழுதிட்டு எந்த மூஞ்சியோட நான் கடைக்குப் போறது?"

"இவன்கிட்ட அதெல்லாம் நடக்காது சோல்வை," என்றாள் கெர்தா. "கல்யாணத்தன்னிக்கு, சர்ச் வாசல்ல, நான் எப்படி இருக்கேன்னு கேட்டேன். 'குறை சொல்ல முடியாது'ன்னான். அந்த ஒரு புகழ்ச்சியை வச்சுத்தான் இருபத்தாறு வருஷமா குடும்பம் நடத்தறேன்."

"உண்மையைத்தானே சொன்னேன்," என்றார் க்ரெஸ்டன். பிறகு சமாதானமாக, "'அவ்வளவு மோசமில்லாத கூடாரம்'னு போடேன். அது வேணா பொய்யில்ல."

சோல்வை தட்டிப் பார்த்தாள். "பூஜ்யம்."

"ஒருத்தர்கூடவா தேடல? இங்க எல்லாரும் அப்படித்தானே பேசறாங்க?"

"நாலு பேர் முன்னாடி அப்படித்தான் பேசறாங்க. கூகுளும் அவங்களும் தனியா இருக்கும்போது 'சிறந்தது எது'ன்னுதான் கேக்கறாங்க."

க்ரெஸ்டன் இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை பேச்சு முடிந்தது.

சோல்வை வீட்டுக்கு வந்து வளைவுப் பக்கத்தை எழுதினாள். செம்பு நாள் பக்கத்தையும் எழுதினாள். வெயில் நாளில் எடுத்த படத்தைப் போட்டாள். அப்புறம், செய்யக் கூடாத ஒரு காரியத்தையும் செய்தாள்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் ஒரு தலைப்பு வரி உண்டு. பக்கத்துக்குள் போய்ப் படிப்பவர் கண்ணில் அது படாது. தேடல் முடிவுகளில் மட்டும் நீல எழுத்தில் தெரியும். க்ரெஸ்டன் தன் பக்கத்தைப் பார்த்தாலே பெரிது. தன்னைத் தானே தேடிப் பார்க்கிற ஆள் இல்லை. அந்த வரியில் சோல்வை 'ஹிமர்லாண்டின் சிறந்த விருந்துக் கூடாரம் – நோர்பி' என்று எழுதிவிட்டுக் கணினியைச் சட்டென்று மூடினாள். திருட்டுத்தனமாக ஊறுகாய் எடுத்தவள் ஜாடியை மூடுவது போல.

நாற்பதாவது இடத்தில் கிடந்த க்ரெஸ்டன், மார்ச் முதல் வாரத்தில் மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டார். போன் அடித்தது. மறுநாளும் அடித்தது. பத்து நாளில் எட்டு விருந்துகள்.

"வளைவுக்கு எத்தனை மீட்டர்னு எழுதினதுக்கே இவ்வளவா?" என்று கெர்தா வியந்தாள்.

"இருக்கும் இருக்கும்," என்றாள் சோல்வை, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

வியாழக்கிழமை விஷயம் வெடித்தது.

க்ரெஸ்டன் வழக்கம்போல ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றார். கவுன்டரில் இருந்த பெண் அவரைப் பார்த்ததும் கழுத்தை நீட்டினாள்.

"ஹிமர்லாண்டின் சிறந்தவருக்கு இன்னிக்கு என்ன வேணும்?"

"என்னது?"

"எங்க ரொட்டி சுமார்தான். உங்களுக்குச் சரிப்படுமான்னு தெரியல."

வரிசையில் நின்ற பிளம்பர் நகர்ந்து வழிவிட்டான். "நீங்க முன்னாடி போங்க. நாங்கல்லாம் ரெண்டாவது தரம்."

அன்று மாலை ஹேண்ட்பால் மைதானத்தில் அவர் உட்காரப் போன இடத்தில் யாரோ தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள்: 'சிறந்தவருக்கு ஒதுக்கப்பட்டது.' யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

ஏழு மணிக்கு சோல்வை வீட்டு மணி அடித்தது. க்ரெஸ்டன் உள்ளே வரவில்லை. தொப்பியையும் கழற்றவில்லை.

"எடு."

"க்ரெஸ்டன், ஒரு நிமிஷம். நான் கேக்காம செஞ்சது தப்புதான். ஆனா எட்டு வேலை வந்திருக்கு. ஈஸ்டருக்கு இன்னும் நாலு வாரம் இருக்கு. இப்ப எடுத்தா மறுபடி கீழ போயிடுவோம்."

"எட்டு பேருக்கும் கூடாரம் கட்டிட்டு அப்புறம் நான் எந்த ஊர்ல குடியிருக்கறது?"

"இது வெறும் ஒரு சொல்."

"உனக்கு அது தேடுசொல். எனக்கு அது அடுத்த முப்பது வருஷத்துப் பேரு. இந்த ஊர்ல ஒருத்தன் 1988ல படகுப் பந்தயத்துல ஜெயிப்பேன்னு சொன்னான். இன்னிக்கும் அவன் பேரு அட்மிரல்."

சோல்வை எடுத்துவிட்டாள். அடுத்த வாரம் க்ரெஸ்டன் பதினேழாவது இடத்தில் இருந்தார். வளைவுப் பக்கத்தின் வழியாக மட்டும் இரண்டு பேர் வந்தார்கள். மொத்தம் பத்து. அதோடு போன் ஓய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளாகவே கேக் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். மன்னிப்பு கேட்பதாக எண்ணம். க்ரெஸ்டன் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அவர் காபியில் சர்க்கரை போடுவதில்லை.

"ஒண்ணு கேக்கறேன்," என்றார். "அந்தச் சொல் பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதானே?"

"ஆமா. இருக்கணும், பொருத்தமாவும் இருக்கணும். தேடறவங்க கேக்கற கேள்விக்கு அங்க நிஜமாவே பதில் கிடைக்கணும்."

"யாரு சிறந்ததுன்னு கேக்கறாங்க. பதில் சொன்னாப் போதும்."

"போதும்."

"பதில் நானாத்தான் இருக்கணும்னு சட்டம் இருக்கா?"

சோல்வை நிமிர்ந்து பார்த்தாள். பதினோரு வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை.

"இல்ல," என்றாள் மெதுவாக.

"அப்ப எழுதிக்கோ." க்ரெஸ்டன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். "தலைப்பு: 'ஹிமர்லாண்டில் சிறந்த விருந்துக் கூடாரம் யாருடையது?' கீழ: 'வீபோர்க் ஐகில் ஸ்டோலுடையது. புத்தம் புதுத் துணி, நேரான கம்பிகள், சொன்ன நிமிஷத்தில் வருவார்கள். எங்களுடையது அவ்வளவு மோசமில்லை. ஒரு பக்க ஜிப் இரண்டு தடவை இழுத்தால்தான் மூடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐகில் வருவதில்லை. நாங்கள் வருவோம். வாசல் வளைவுக்குக் கிளையும் கொண்டுவருவோம். மேற்கிலிருந்து காற்றடித்தால் எந்த மூலையை முதலில் இறுக்கிக் கட்டவேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்.' போதும். நம்பரைப் போடு."

"போட்டிக் கம்பெனியைப் புகழ்ந்து நம்ம பக்கத்துலயா?" கெர்தா கேக் கத்தியைக் கீழே வைத்தாள். "என்னை இப்படி ஒரு நாள் புகழ்ந்திருக்கியா நீ?"

"உனக்கு எதுக்கு? உன்னைத்தான் நான் ஏற்கெனவே கட்டிக்கிட்டேனே."

சோல்வை அதை எழுத்து மாறாமல் அப்படியே ஏற்றினாள். நம்பிக்கை இருந்ததா என்றால் இல்லை. அதைவிட நல்ல யோசனை அவளிடம் இல்லை, அவ்வளவுதான்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வாரம் ஓல்போர்கில் யாரோ ஒருவர் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, 'இந்த ஆளிடம் நான் கண்ணை மூடிக்கொண்டு கூடாரம் எடுப்பேன்' என்று எழுதிப் போட்டார். அது வீட்டுக்கு வீடு பரவியது. படித்தவர்கள் தேடி வந்தார்கள். வந்தவர்கள் கடைசி வரி வரை படித்தார்கள். கூகுளுக்கு வேறென்ன வேண்டும்? மூன்றாவது வாரம் சோல்வை தட்டிப் பார்த்தபோது, க்ரெஸ்டன் நோர்பி முதலிடத்தில் இருந்தார். ஐகில் ஸ்டோல் ஆறாவது.

போன் பண்ணியவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி பேசினார்கள்.

"அந்த ஜிப் பிரச்சினை உள்ள கூடாரம் உங்களோடதுதானே?"

"ஆமா," என்பாள் கெர்தா.

"அதுவே குடுங்க."

ரொட்டிக் கடைப் பெண், க்ரெஸ்டன் தலையைக் கண்டதும் இரண்டு தடவை இழுத்து மூடுவதுபோல் ஜாடை காட்டினாள். அது வேறு வகைக் கிண்டல். அதோடு ஊருக்குள் வாழலாம்.

ஈஸ்டர் சனிக்கிழமை வந்தது. கெர்தா நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பதினெட்டு. எப்படிக் கூட்டினாலும் பதினெட்டுதான். சோல்வையும் சமையலறையில் உட்கார்ந்து கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பார்வையாலேயே இரண்டு பேரை வரவழைத்துவிடலாம் என்பதுபோல.

பதினொரு மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

"கூடாரம் ஏத்த லாரியா?" என்றார் க்ரெஸ்டன், எழுந்திருக்காமல்.

கெர்தா திரைச்சீலையை விலக்கினாள். "கார். அவனேதான். தனியா வர்றான்."

ஐகில் ஸ்டோல் உள்ளே வந்தான். நாற்பத்தைந்து வயது, நல்ல கோட்டு, நல்ல ஷூ. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருவளையம். காபியை வேண்டாமென்று சொல்லவில்லை. குடிக்கவும் இல்லை.

"கூடார விஷயமா வந்தியா?" என்றார் க்ரெஸ்டன்.

"இல்ல. அந்தச் சொல் விஷயமா." அவன் சோல்வையைப் பார்த்தான். "எழுதினது நீங்களா?"

"தட்டினது மட்டும்தான் நான்," என்றாள் சோல்வை அவசரமாக.

"க்ரெஸ்டன், நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்? கூடாரத்தை விலைக்குக் கேட்டேன், அவ்வளவுதானே? எங்க தெருவுல என்னை யாரும் இப்ப ஐகில்னு கூப்பிடறதில்ல. 'சிறந்தவர் வர்றார், காலைத் தொடச்சுக்கங்க'ங்கறான் பக்கத்து வீட்டுக்காரன். என் மாமியார் பிறந்தநாளன்னைக்கு எழுந்து நின்னு உன் பக்கத்தை முழுசாப் படிச்சாங்க. முழுசா! எல்லாரும் கை தட்டினாங்க."

"நல்லாத்தானே எழுதியிருக்கேன்," என்றார் க்ரெஸ்டன்.

"அதான் பிரச்சினையே! வர்ற வாடிக்கையாளர் டார்ச் லைட்டோட வர்றாங்க. ஒவ்வொரு தையலாப் பாக்கறாங்க. போன வாரம் ஒரு அம்மா, ஒரே ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டுத் தண்ணி மேஜையில விழுந்துச்சு. 'சிறந்த கூடாரம் ஒழுகுமா?'ன்னு கேட்டு ஊருக்கெல்லாம் படம் அனுப்பிட்டாங்க. உன் கூடாரத்துக்குள்ள ஆறே ஓடினாலும் யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நீதான் முன்னாடியே சொல்லிட்டியே!"

கெர்தா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"இப்ப என்ன பண்ணணும்கற?"

"என் பேரை எடுத்துடு. கெஞ்சிக் கேக்கறேன். கூடாரத்தை நீயே வச்சுக்கோ, எனக்கு வேண்டாம். மே மாசம் எனக்கு ரெண்டு ஞாயிற்றுக்கிழமை விருந்து வந்திருக்கு. உன் பக்கத்துல நான் ஞாயிறு வரமாட்டேன்னு எழுதியிருக்க, அவங்க அதையும் படிச்சுட்டு, 'நிஜமா வருவீங்களா'ன்னு தினம் போன் பண்றாங்க. அந்த ரெண்டையும் நீயே எடுத்துக்கோ."

கெர்தா சட்டென்று திரும்பி நோட்டை எடுத்தாள். "தேதி சொல்லு."

அவன் சொன்னான். அவள் எழுதினாள். பதினெட்டுக்குக் கீழே பத்தொன்பது, இருபது. க்ரெஸ்டன் நோட்டை ஒரு தடவை பார்த்தார். காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

"கேள்வி அப்படியே இருக்கட்டும்," என்றார் சோல்வையிடம். "பதிலை மாத்து. 'நிறையப் பேர் இருக்கிறார்கள், எங்கள் வாயால் சொல்ல மாட்டோம்'னு போட்டுடு. சரியா ஐகில்?"

"தேங்க்ஸ் க்ரெஸ்டன். ரொம்ப தேங்க்ஸ்." ஐகில் எழுந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஆறிய காபியை நின்றபடியே குடித்துவிட்டுக் காருக்கு ஓடினான். பத்து வயது குறைந்தவன் மாதிரி இருந்தது அவன் ஓட்டம்.

சோல்வை அங்கேயே உட்கார்ந்து பதிலை மாற்றினாள். கேள்வி தலைப்பிலேயே இருப்பதால் பெரிய சேதம் வராது. வந்தாலும் இந்தக் கோடைக்குக் கவலையில்லை. பழைய பதிலை அழிப்பதற்கு முன் கடைசியாக ஒரு முறை படித்தாள்.

"பாவம் அந்த ஐகில். இவ்வளவு நல்ல கூடாரம் வச்சிருந்தும் நிம்மதி இல்ல பாருங்க. புத்தம் புதுத் துணி, நேரான கம்பி... ஆமா, அவரோட கூடாரத்தை நீங்க எப்பப் பார்த்தீங்க?"

க்ரெஸ்டன் கடைசிக் கேக் துண்டைத் தன் தட்டுக்கு நகர்த்திக்கொண்டார்.

"நான் எங்கம்மா பார்த்தேன்?"